யார் பங்குக் கரை?

ஆவணி மூலத் திருவிழாவின்போது மதுரை புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் ஒரு பொதுப்பணித்துறைக் கதை நடித்துக் காட்டப்படுகிறது. பக்தர்கள் அதைத் திருவிளையாடல் என்கிறார்கள். வைகை பெருகிக் கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்கிறான் பாண்டியன். புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சிவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாகப் பேசி வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கிப்போகிறான். பிரம்படி விழுகிறது. அடித்தவன் முதுகிலும், அங்கே நின்ற எல்லோர் முதுகிலும் அதே அடி விழுகிறது.

கொண்டாடப்படுவது அந்தக் கடைசிக் காட்சி. என் கவனம் போவது அதற்கு முந்திய காட்சிக்கு. யாரோ ஒருவர் கரையை அளந்திருக்கிறார். பங்கு பிரித்திருக்கிறார். எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று ஏட்டில் எழுதியிருக்கிறார். மற்ற பங்குகளெல்லாம் அடைபட்டுவிட்டன, ஒரு பங்கு மட்டும் திறந்து கிடக்கிறது. தண்ணீர் சரியாக அந்த இடத்துக்குத்தான் வருகிறது. மற்றவர்கள் எத்தனை முழம் உயர்த்தியிருந்தாலும் அன்றைக்கு அந்தக் கரையின் பலம் வந்தியின் பங்கின் பலம்தான். வெள்ளத்துக்குச் சராசரி தெரியாது.

கதையில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. வயலும் வணிகமும் உள்ள வீட்டுக்கும், ஒரு புட்டுக் குழலைத் தவிர வேறொன்றும் இல்லாத கிழவிக்கும் ஒரே பங்கு எப்படி வந்தது? பங்கு பிரித்தவன் கணக்கில் பிழை இருக்கிறது. பிரம்படி எல்லோர் முதுகிலும் விழுந்ததைத் தெய்வத்தின் லீலை என்று சொல்லலாம், அந்தக் கணக்கின் திருத்தம் என்றும் சொல்லலாம்.

மதுரையைச் சுற்றிய சமவெளியில் கரை என்றால் பெரும்பாலும் மண்கரைதான். ஒரு கண்மாயின் கலுங்கைத் தாண்டும் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாயை நிரப்பும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. மேலே ஒரு கரை போனால் கீழே உள்ளவையும் வரிசையாகப் போகக்கூடும். அதனால் கரையைக் கவனிப்பது ஊர்க்காரியமாக இருந்தது. கோடையில் கண்மாய் வற்றியதும் உள்வாயில் மண் வெட்டுவார்கள். கரம்பை வயலுக்குப் போகும், மிச்ச மண் கரைக்கு வரும். கொண்டுவந்த மண்ணைக் குவித்துவிட்டுப் போனால் கரை உயருமே தவிரப் பலமாகாது. ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து, இடித்துக் கெட்டித்த பிறகுதான் அடுத்த அடுக்கு. எலிவளையையும் நண்டுவளையையும் தோண்டிப் பார்த்து அடைக்க வேண்டும். சரிவில் முளைத்த வேலிக்கருவேலை வேரோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டுப்போன வேர் மக்கி, அந்தத் துவாரமே தண்ணீருக்கு வழியாகிவிடும். அலை மோதும் பக்கத்தில் கல் பதிக்க வேண்டும். இவற்றில் எதுவும் பெரிய வேலை இல்லை. அடுத்த வருடமும் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

இதற்குக் குடிமராமத்து என்று பெயர். பாசனம் பெறும் நிலத்துக்குத் தக்கபடி ஆளும் உழைப்பும் தருவது வழக்கம். கம்பெனி ஆட்சி வந்ததும் ஊரின் பொது வருவாய்கள் அரசின் வரிக்கணக்குக்குப் போயின, உழைக்கும் கடமை மட்டும் ஊரிடம் எஞ்சியது. ஊர்கள் மெல்லக் கையை விலக்கிக்கொண்டன. 1858இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். தன் பங்கு உழைப்பைத் தராதவர், அதன் மதிப்பைப்போல் இருமடங்கு கட்ட வேண்டும். பாண்டியனின் பிரம்பு அப்படியே சட்டப் புத்தகத்துக்குள் போய்விட்டது. ஒரே வித்தியாசம், இந்தப் பிரம்பின் அடி பங்கு பிரித்தவர் முதுகில் விழவில்லை. 2017இல் தமிழக அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கிக் குடிமராமத்து என்ற பெயரை மீட்டது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி. பெயர் திரும்பிவிட்டது. ஊர் கூடிக் கரையில் நின்ற வழக்கம் அதே வேகத்தில் திரும்பவில்லை.

நகரத்தில் அதுவும் இல்லை. கண்மாய்களின் பெயர்கள் பேருந்து நிறுத்தங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2004 முதல் உலகநேரிக் கண்மாய் இருந்த பகுதியில்தான் இயங்குகிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அந்தத் தண்ணீர் புதிதாக எங்கும் வரவில்லை என்பதைப் பழைய மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்தச் சமவெளி நம்பியிருக்கும் மிகப் பெரிய கரை மதுரையில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய முல்லைப்பெரியாறு அணை அது. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் மதுரை மாவட்டத்தைச் சுடுகாடாக்கிய பிறகு இந்தப் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் மன்னருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். ஏக்கருக்கு ஐந்து ரூபாயாக 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887இல் பொறியாளர் பென்னிகுயிக் தொடங்கிய வேலை, வெள்ளத்தையும் மலேரியாவையும் சாவுகளையும் கடந்து 1895இல் முடிந்தது. அந்தத் தண்ணீர் சுருளியாற்றின் வழியே வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூர் வரை ஓடியது. மானாவாரிப் புஞ்சையாகக் கிடந்த மண் இருபோக வயலாக மாறியது.

அணையின் உள்ளுடல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். சுர்க்கி என்பது செங்கல் தூள். இந்தக் கலவை முதல் நாளில் சொதசொதவென்று இருக்கும். ஆண்டுகள் போகப் போகத் தானாக இறுகி வலுப்பெறும். அதே நேரத்தில் அணைக்குள் கசியும் நீர் அந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே எடுத்துப் போகும். ஒரே உடலில் வலுவும் தேய்வும் சேர்ந்தே நடக்கின்றன. 1930களிலும் 1960களிலும் அணையில் துளையிட்டு சிமெண்ட் கரைசலை உள்ளே செலுத்தியது இந்தத் தேய்வை ஈடுகட்டத்தான். அன்றைக்கு அதை யாரும் அரசியலாகப் பார்க்கவில்லை. மராமத்து என்று பதிவேட்டில் எழுதி முடித்துக்கொண்டார்கள்.

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாம் அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. அது மண் அணை. பெருவெள்ளம் தலைக்கு மேல் வழிந்து கரையை அறுத்துக்கொண்டு போயிற்று. கட்டுமான வகையில் பெரியாறு அணைக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் பயம் கட்டுமான வகையைப் பார்த்துப் பரவுவதில்லை. அந்த ஆண்டே மத்திய நீர்க்குழுமத்தின் தலைவர் வந்து பார்த்தார். பலப்படுத்தும் வேலைகள் நடக்க வசதியாக நீர்மட்டத்தை 136 அடியில் நிறுத்துவது என்று முடிவானது. அணையின் முழு மட்டம் 152 அடி. சுரங்கம் 104 அடி மட்டத்தில் தொடங்குகிறது, அதற்குக் கீழே உள்ள நீர் கிழக்கே வராது. ஆகவே தமிழ்நாடு கைவைக்கக்கூடிய தண்ணீர் 104க்கும் 152க்கும் இடையில்தான். அந்த இடைவெளியில் மேலே 16 அடியை வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு உயரம் போய்விடுகிறது. ஏரி மேலே போகப் போக அகன்று விரிவதால் தண்ணீரில் இழப்பு இன்னும் அதிகம்.

பிறகு நடந்த வேலைகள் மூன்று வகை. முதலில் அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டார்கள். எடையால் நிற்கும் அணைக்கு எடைதான் பலம், தண்ணீர் தள்ளத் தள்ளத் தன் பாரத்தாலேயே அது நிலைக்க வேண்டும். இரண்டாவதாக, மேலிருந்து அணையைத் துளைத்து அடிப்பாறை வரை இறங்கி, எஃகுக் கம்பி வடங்களை இழுத்துப் பாறையோடு பிணைத்தார்கள். மூன்றாவதாக, அணையின் பின்பக்கம் சுமார் பத்து மீட்டர் அகலத்துக்குப் புதிய கான்கிரீட் சுவர் எழுப்பி முட்டுக் கொடுத்தார்கள். இதில் சிக்கலான வேலை பழைய சுவரும் புதிய சுவரும் ஒட்டுவது. ஒட்டாவிட்டால் புதியது வெறும் வேடிக்கை பார்க்கும். அதனால் பழைய உடலில் பள்ளம் வெட்டிப் புதியதை அதற்குள் கோத்தார்கள். வெள்ளம் வெளியேறும் மதகுகள் பத்தாக இருந்தவை பதின்மூன்றாயின. 1990களின் நடுவில் பெரிய அணையின் வேலை ஏறக்குறைய முடிந்தது.

தலையில் பாரம், அடியில் பிணைப்பு, முதுகில் முட்டு. ஒரு பழைய பொருளை இடிக்காமல் பலப்படுத்துவதற்கு இதற்கு மேல் வழி இருப்பதாகத் தெரியவில்லை. இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். நீரை 136 அடிக்கு இறக்கியதும் ஒரு வகையில் அணையைப் பலப்படுத்தியதுதான். தாங்கும் உடலும் தாங்க வேண்டிய சுமையும் சேர்ந்ததே பலக்கணக்கு. திருக்குறளின் வலியறிதல் அதிகாரமும் அச்சையும் அதில் ஏற்றும் பாரத்தையும் சேர்த்து வைத்துத்தான் பேசுகிறது. ஆனால் சுமையை இறக்குவது நோயாளியைப் படுக்கவைப்பது மாதிரி. எழுப்பப் போவதாகச் சொல்லித்தான் படுக்கவைத்தார்கள். எழுப்ப முப்பத்தைந்து வருடம் ஆயிற்று.

தேனி மாவட்டத்தில் ஜனவரி 15 அன்று பென்னிகுயிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் வந்தது. மதுரை தல்லாகுளத்தில் பொதுப்பணித்துறை வளாகத்தில் சிலை நிற்கிறது. எல்லாம் தகும். ஆனால் 1980களில் அந்தத் துளைகளைப் போட்டவர்கள், வடத்தை இழுத்தவர்கள், கசிவுநீரை அளந்து அளந்து எழுதிவைத்தவர்கள் யார்? அவர்களுக்குப் பொங்கலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர்கள் வேலை செய்திருக்காவிட்டால் பின்னாளில் நீதிமன்றத்தில் வாதாடத் தமிழ்நாட்டிடம் ஒன்றுமே இருந்திருக்காது. கட்டியவரைத் தெய்வமாக்குகிற நாம் காப்பவரைச் சம்பளப் பட்டியலில் விட்டுவிடுகிறோம். பெரியாற்றுக்கு மட்டுமில்லை, பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் மொழிக்கும் இதையேதான் செய்கிறோம்.

2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. பேபி அணை உள்ளிட்ட மிச்ச வேலைகளும் முடிந்து பலம் உறுதியானதும் 152 அடிக்குப் போகலாம் என்றது. பேபி அணை என்பது பெரிய அணைக்குப் பக்கத்தில் சுமார் 240 அடி நீளத்தில் நிற்கும் சிறிய துணை அணை. சில வாரங்களுக்குள் கேரளச் சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டத்திருத்தம் செய்தது. வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 2010இல் முன்னாள் தலைமை நீதிபதி ஆனந்த் தலைமையில் வல்லுநர் குழு அமைந்தது. அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று அது சொல்ல, 2014 மே 7 அன்று அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று தண்ணீர் 142 அடியைத் தொட்டது.

பேபி அணை மட்டும் அப்படியே நிற்கிறது. வேலைக்கு இடம் வேண்டுமானால் அங்கே நிற்கும் சில மரங்களை வெட்ட வேண்டும். அது புலிகள் காப்பகம், கேரள வனத்துறையின் அனுமதி வேண்டும். 2021 நவம்பரில் 15 மரங்களுக்கு அனுமதி வந்தது. தமிழக முதல்வர் நன்றிக் கடிதம் எழுதினார். கேரளத்தில் அமளி எழுந்தது. சில நாட்களில் அனுமதி ரத்தானது, கையெழுத்திட்ட அதிகாரி பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

இந்த இடத்தில் வழக்கு ஒரு விசித்திரமான முடிச்சாகிவிடுகிறது. அணை பலமாக இருக்கிறது என்று வாதாடுகிறவர்கள் அதைப் பலப்படுத்த அனுமதி கேட்கிறார்கள். அணை பலவீனமாக இருக்கிறது என்று வாதாடுகிறவர்கள் பலப்படுத்த அனுமதி மறுக்கிறார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. பேபி அணை பலமானால் அடுத்த படி 152 அடி என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆகவே அந்த மரங்களின் வேரில் 152 அடி கட்டப்பட்டிருக்கிறது. பலத்தைச் சுமையோடு சேர்த்துக் கட்டியபின் பலத்துக்கே பயப்பட வேண்டியதாகிவிட்டது.

கண்மாய்க் கரையில் இந்த முடிச்சு ஏன் விழுவதில்லை? அங்கே தண்ணீர் வாங்குகிறவனும் கரை உடைந்தால் மூழ்குகிறவனும் ஒரே ஊர்க்காரன், பல வேளைகளில் ஒரே ஆள். மடைக்குக் கீழே அவன் வயல், அதற்குக் கீழே அவன் வீடு. ஆதாயமும் பயமும் ஒரே மடியில் இருப்பதால் தன் பங்கு மண்ணை அவனே சுமக்கிறான். பெரியாற்றில் ஆதாயம் கிழக்கே இறங்குகிறது. பயம் மேற்கே இறங்குகிறது. அணைக்குக் கீழே வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாற்றிலும் மழை வலுத்த இரவில் தூங்காமல் கிடக்கும் குடும்பத்துக்கு அந்தத் தண்ணீரால் ஒரு மரக்கால் நெல்லும் விளைவதில்லை. அங்குள்ள தோட்டத் தொழிலாளர்களில் பலர் தமிழர்கள் என்பதையும் மதுரையில் நாம் மறந்துவிடுகிறோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மட்டம் 142ஐ எட்டியபோது, உச்ச நீதிமன்றமே அந்த மாதம் முடியும்வரை 139.99 அடியில் வைக்கச் சொன்னது. வல்லுநர் அறிக்கை அணையின் பலத்தைச் சொல்லும். பயப்படுகிறவரின் உறக்கத்தை அதனால் மீட்டுத்தர முடியாது. அவர்களுக்கு அந்தக் கரையில் பங்கே இல்லை. பங்கில்லாதவர் புது அணை வேண்டும் என்று கேட்பதில் ஆச்சரியமும் இல்லை.

மறுபக்கத்தின் நியாயமும் சிறியதல்ல. மேலூரின் கடைமடைக்காரர் 136க்கும் 142க்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் வயலில் பார்க்கிறார். உசிலம்பட்டியில் 58 கிராமக் கால்வாய்க்கு வைகை அணையில் 67 அடிக்கு மேல் நீர் நின்றால்தான் தண்ணீர் விட முடியும். மேலே ஒவ்வோர் அடியும் இங்கே யாரோ ஒருவரின் நடவு.

என் முடிவு இதுதான். பலப்படுத்துவதையும் உயர்த்துவதையும் பிரிக்க வேண்டும். 142 அடியிலேயே நிற்கட்டும் என்றாலும் பேபி அணையைப் பலப்படுத்தியே தீர வேண்டும். 152 அடி உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வேலை முடிந்த மறுநாளே அதைக் கேட்க மாட்டோம், வெளியாட்களைக் கொண்டு புதிதாக ஆய்வு நடந்தபின் கேட்போம் என்று தானாக முன்வந்து சொல்லலாம். கசிவு அளவுகளையும் அணையின் நகர்வு அளவுகளையும் நாள்தோறும் மலையாளத்தில் கீழ்க்கரை ஊராட்சிகளின் பலகையில் எழுதிப் போடலாம். அளக்கும்போது அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட நிற்கலாம். கேரளம் தன் பங்குக்கு அந்த மரங்களைத் தர வேண்டும். பலவீனம் என்று சொல்லிக்கொண்டே பலவீனத்தைக் காவல் காப்பது தன் மக்களுக்கே செய்யும் தீங்கு.

நமக்கும் ஒரு பங்கு மிச்சமிருக்கிறது. மலைக்கு அப்பால் ஓர் அடிக்கு வழக்காடுகிற மதுரை, தன் கண்மாய்களில் எத்தனை அடி மண்மேடாகிவிட்டது என்று அளந்து பார்க்க வேண்டும். அந்தக் கரைக்கு யார் அனுமதியும் தேவையில்லை, எந்த அமர்வும் கூட வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உங்கள் ஊர்க் கண்மாயின் கலுங்கு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் பங்குக் கரை எது என்று ஊராட்சியில் கேளுங்கள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று சொன்னால், முதலில் அந்த ஏட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.